இலைவாளும் விழாக்கால விளக்கும்

பழைய தொழிலை இழந்த மக்கள் புதிய தொழில் ஒன்றைத் தேடும்போது முதலில் எழும் கேள்வி, "இதற்கு எவ்வளவு முதல் வேண்டும்?" என்பது. அடுத்த கேள்வி, "செய்து முடித்ததை யார் வாங்குவார்கள்?" என்பது. மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகின்றனர். "விலையை யார் தீர்மானிப்பார்கள்?" என்பதே அது.

மெல்லிய பலகையை நுண்ணிய வாளால் வெட்டி விழாக்கால அலங்காரப் பொருள்கள் செய்யும் கைப்பணியைப் பற்றியது இக்கட்டுரை. குளிர்நாடுகளில் பலர் இதனைப் பொழுதுபோக்காகச் செய்கின்றனர். ஆனால் ஜேர்மனியின் ஒரு மலைநாட்டில் இதுவும் இதனோடு சேர்ந்த மரவேலைகளும் பல குடும்பங்களின் சோறாக இருந்தன. அம்மக்களின் வரலாற்றில் மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை உண்டு. முதலிரண்டுக்கும் விடை விரைவில் கிடைத்தது. மூன்றாவதன் விடையைப் பல தலைமுறைகள் வருந்தியே கற்றுக்கொண்டார்கள்.

வாள் எப்படிப்பட்டது?

இவ்வாளின் சட்டம் ஆங்கில 'யூ' எழுத்தைப் போல் வளைந்த இரும்பினால் ஆனது. அதன் இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 5 அங்குல நீளமான அலகு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அலகு தடித்த நூலளவே இருப்பதால் பலகைக்குள் எந்தப் பக்கமும் திரும்பும். பெரிய வாளால் நேர்கோட்டில் அறுக்கலாம். இதனாலோ இலையின் விளிம்பையும் பறவையின் அலகையும் எழுத்தின் சுழியையும் வெட்டி எடுக்கலாம். ஆங்கிலத்தில் இதனைப் பிரெட் வாள் என்பர். ஜேர்மன் மொழியில் இதற்கு வழங்கும் பெயர் 'இலைவாள்' என்று பொருள்படும். சுருக்கத்துக்காக நாமும் இங்கே அப்படியே சொல்வோம்.

இதே வேலையை இயந்திரத்தாலும் செய்யலாம். 19ஆம் நூற்றாண்டில் தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து இயக்கும் வாள்கள் வழக்கில் இருந்தன. இன்று மின்சாரத்தில் இயங்கும் ஸ்குரோல் வாள் இயந்திரம் பரவலாக உண்டு. அலகு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்க, இரு கைகளாலும் பலகையைத் திருப்பித் திருப்பி வெட்டுவர். இயந்திரம் வேகத்தைத் தரும். ஆனால் கோட்டில் நிற்கும் கண்ணையும் பொறுமையையும் அது தராது. அவை கைவாளில் பழகியவருக்கே முதலில் வாய்க்கும்.

எந்த விழாவுக்கு என்ன பொருள்?

குளிர்நாடுகளில் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் மரங்களின் இலைகள் மஞ்சளாகவும் செம்மண் நிறமாகவும் மாறி உதிரும். அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பும் காலமும் அதுவே. ஜேர்மனியில் ஒக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறை ஒட்டி அறுவடை நன்றி விழா நடைபெறுகிறது. கனடாவில் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்களும், அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழனும் நன்றி நாள்கள். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். அன்று மாலை ஜேர்மன் பிள்ளைகள் விளக்குக் கூடுகளை ஏந்தி ஊர்வலம் போவார்கள்.

ஆகவே இலையுதிர் காலத்துக்கென வெட்டப்படுபவை மேப்பிள், ஓக் மர இலைகள், பூசணிக்காய், கோதுமைக் கதிர், வான்கோழி, விளக்குக் கூட்டின் பக்கத் தட்டுகள் போன்றவை. விவசாயியின் களத்தில் கிடப்பவையே இங்கு அலங்காரமாகின்றன என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து வருவது நத்தார்க் காலம். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்திலேயே வீடுகள் அலங்கரிக்கப்பட்டுவிடும். நத்தார் மரத்தில் தொங்கும் நட்சத்திரம், மணி, சம்மனசு, பாலன் குடிலின் உருவங்கள், யன்னலில் வைக்கும் வளைவிளக்கு ஆகியவை குளிர்காலத்துக்குரியவை. தைமாதத்து மூவிராசாக்கள் திருநாளோடு இவ்விற்பனைக் காலம் முடிந்துவிடும்.

இதிலிருந்து தொழில் செய்பவர் அறிய வேண்டியது ஒன்று. வாங்குபவருக்கு விழா மார்கழியில் என்றால், வெட்டுபவருக்கு வேலை சித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. மார்கழி 26ஆம் திகதி ஒரு நட்சத்திரத்துக்கு முந்திய நாள் இருந்த மதிப்பு இராது. பிந்திய பயிர் சந்தை விலையை இழப்பதை அறிந்த விவசாயிகளுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நட்சத்திரம் வெட்டும் முறை

கைவாளால் எளிய பொருள் ஒன்றை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். நடுவில் ஒரு சிறு நட்சத்திரம் வெட்டி எடுக்கப்பட்ட பெரிய நட்சத்திரம் நமது பொருள்.

1. பலகை: 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகை போதும். முடிச்சும் இடைவெளியும் இல்லாத துண்டைத் தெரிய வேண்டும். தனிமரத் தகட்டில் நார் ஒரே திசையில் ஓடுவதால் நட்சத்திரத்தின் கூர்முனை எளிதில் பிளந்துவிடும். ஒட்டுப்பலகையில் அடுக்குகளின் நார் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் முனை தாங்கும்.

2. உருவம்: கடதாசியில் வரைந்து பலகையில் மெல்ல ஒட்டலாம். பல தடவை வெட்டப்போகும் உருவமானால் கனத்த அட்டையில் ஓர் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு பென்சிலால் சுற்றி வரைவது சிக்கனம்.

3. வெட்டுமேசை: ஒரு கனமான பலகைத் துண்டின் முன்விளிம்பில் 'வி' வடிவில் ஓர் இடைவெளி வெட்டி, அந்த விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேசையில் இறுக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் வாள் ஓடும். வெட்டப்படும் பலகைக்கு இரு பக்கமும் தாங்கல் கிடைக்கும்.

4. அலகு: பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். வாளைக் கீழே இழுக்கும்போதுதான் அது வெட்டும். மேலே போகும்போது வெறுமனே போகும். மாட்டிய அலகை விரலால் சுண்டினால் தந்திபோல ஒலிக்க வேண்டும். தளர்ந்த அலகு கோட்டில் நில்லாது.

5. உள்வெட்டு: நடு நட்சத்திரத்தை முதலில் வெட்ட வேண்டும். அதற்குள் துறப்பணத்தால் ஒரு சிறு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து மீண்டும் மாட்டி வெட்டத் தொடங்கலாம். வெளிவிளிம்பைப் பின்னர் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. பலகை பெரிதாக இருக்கும்வரைதான் கையால் உறுதியாகப் பிடிக்கலாம்.

6. திருப்பம்: வாளைச் செங்குத்தாக ஒரே இடத்தில் மேலும் கீழும் ஓட்ட வேண்டும். திருப்ப வேண்டியது பலகையையே. கூரிய மூலைக்கு வந்ததும் தள்ளுவதை நிறுத்தி, வாளை நின்ற இடத்திலேயே ஓட்டியபடி பலகையை மெதுவாகச் சுழற்றினால் மூலை சுத்தமாக விழும். அவசரப்பட்டால் அலகு ஒடியும்.

7. முடிப்பு: அரத்தாளால் விளிம்புகளைத் தேய்த்து, தூசியைத் துடைத்து, தொங்கவிட ஒரு துளையிட்டால் வேலை முடிந்தது.

ஒரே அளவான மூன்று நான்கு தகடுகளை அடுக்கி, ஓரங்களில் சிறு ஆணி அறைந்து ஒன்றாக வெட்டினால் ஒரு வெட்டில் மூன்று நான்கு நட்சத்திரங்கள் கிடைக்கும். ஒரு பொருளுக்குச் செலவாகும் நேரத்தைக் குறைக்கும் முதல் வழி இதுவே.

ஓர் எச்சரிக்கை. ஒட்டுப்பலகையின் தூளில் மரத்தோடு பசையும் கலந்திருக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். பிள்ளைகள் உறங்கும் அறையில் இவ்வேலை வேண்டாம்.

இனி, இதனையும் இதைப்போன்ற மரவேலைகளையும் நம்பி ஒரு மலைநாடு எப்படி வாழ்ந்தது என்று பார்ப்போம்.

ஈயம் தீர்ந்த ஊர்

ஜேர்மனியின் சக்சனி மாநிலத்துக்கும் செக் நாட்டுக்கும் இடையே ஏர்ட்ஸ்கெபிர்கே என்ற மலைத்தொடர் உண்டு. அப்பெயருக்குத் 'தாதுமலை' என்று பொருள். 1168 இல் பிரைபேர்க் பகுதியில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டதிலிருந்து அம்மலை மக்களின் வாழ்வு சுரங்கத்தோடு பின்னிப் பிணைந்தது. வெள்ளியும் வெள்ளீயமும் பின்னாளில் வேறு உலோகங்களும் அங்கே தோண்டப்பட்டன. அச்சுரங்க நிலப்பரப்பை 2019 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அம்மலையிலுள்ள சைபன் என்ற கிராமம் வெள்ளீயத்தால் பிழைத்த ஊர். ஆற்று மணலை அலசி ஈயம் எடுத்ததிலிருந்தே அதன் பெயரும் வந்தது. தாது குறையக் குறைய வருமானமும் குறைந்தது. 1849 இல் அங்கு ஈயச் சுரங்க வேலை நின்றுபோனது. அந்த மலையில் குளிர் நீண்டது. மண்ணும் வளமானதன்று. பயிரை மட்டும் நம்பி எல்லாரும் வாழ முடியாது.

அவர்களிடம் எஞ்சியிருந்தவை மூன்று: காடு, ஓடும் நீர், வேலைக்குப் பழகிய கை. முன்பு தாதுக்கல்லை இடிக்கும் பொறியைச் சுழற்றிய நீர்ச்சக்கரம் இப்போது மரம் கடையும் பட்டறையைச் சுழற்றியது. சுரங்கம் அடியோடு நிற்கும்வரை அவர்கள் காத்திருக்கவுமில்லை. வருமானம் தளரத் தொடங்கிய காலத்திலேயே மரத்தட்டு, கிண்ணம், பொத்தான், பொம்மை என்று பக்கத்தொழிலாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதனால் 1849 வந்தபோது கை ஏற்கனவே பழகியிருந்தது.

அங்கு வளர்ந்த ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. ஈரமான ஸ்புரூஸ் மரத்துண்டைக் கடைந்து ஒரு வளையமாக்குவார்கள். அவ்வளையத்தைப் பலாச்சுளை பிளப்பது போலத் துண்டு துண்டாகப் பிளந்தால், ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகமும் ஒரு பசுவாகவோ குதிரையாகவோ இருக்கும்! ஒரு வளையத்தில் பல விலங்குகள். 1800 ஆம் ஆண்டளவில் உருவான இம்முறையும், தகடுகளை அடுக்கி வெட்டும் முறையும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. மலிவாக விற்க வேண்டியவன் ஒரே முயற்சியில் பலவற்றைச் செய்ய வேண்டும்.

யன்னலில் ஒரு வளைவு

இம்மலைநாட்டின் விழாக்காலப் பொருள்களில் வளைவிளக்கு தனிச்சிறப்புடையது. அரைவட்ட வளைவொன்றின் மேல் மெழுகுதிரிகள் வரிசையாக நிற்கும். வளைவுக்குள் மனித உருவங்கள் இருக்கும். மார்கழியில் அங்கே காலை எட்டு மணியளவில்தான் சூரியன் எழும். மாலை நான்கு மணிக்கே மறைந்துவிடும். சுரங்கத் தொழிலாளி இருளில் போய், இருளில் உழைத்து, இருளிலேயே வீடு திரும்புவான். யன்னலில் எரியும் விளக்குக்கு அம்மக்களிடையே இவ்வளவு மதிப்பு ஏன் என்பது இதிலிருந்து புரியும்.

அறியப்பட்ட மிகப் பழைய வளைவிளக்கு 1740 ஆம் ஆண்டுக்குரியது. உலோகத்தால் ஆன அது யோகான்கியோர்கன்ஸ்டட் என்ற ஊரில் செய்யப்பட்டது. இந்த ஊரின் பிறப்பு எமது வாசகர்களின் கவனத்துக்குரியது. அது இடம்பெயர்ந்தோர் அமைத்த ஊர். மலைக்கு அப்பால் பொகேமியாவில் கத்தோலிக்க அரசு புரட்டஸ்தாந்து மக்களை அவர்களின் ஊர்களிலிருந்து வெளியேற்றியது. எல்லை கடந்து வந்த அம்மக்கள் குடியமர 1654 இல் சக்சனியின் ஆட்சியாளர் முதலாம் யோகான் கியோர்க் அனுமதி கொடுத்தார். ஊருக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 86 ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊரில்தான் இந்த விளக்கு ஏற்றப்பட்டது. 1950களில் யுரேனியச் சுரங்க வேலைக்காக அதே ஊரின் பழைய பகுதியின் பெரும்பாகம் இடிக்கப்பட்டது. வீடுகள் போயின. விளக்கு வைக்கும் வழக்கம் போகவில்லை.

இன்று பரவலாகக் காணப்படும் வடிவத்தை 1937 இல் சுவார்சன்பேர்க் என்ற நகருக்காக வரைந்தவர் பவுலா ஜோர்டன் என்ற ஓவியப் பெண்மணி. இரண்டு சுரங்கத் தொழிலாளர், ஒரு மரச்சிற்பி, ரேந்தை பின்னும் ஒரு பெண் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். அம்மலை மக்களுக்குச் சோறு போட்ட தொழில்கள் இவை. இவ்வடிவம் மரத்துக்கு மாறியபோது இலைவாளுக்குப் பெருவேலை கிடைத்தது. ஒட்டுப்பலகையில் வளைவையும் உருவங்களையும் வெட்டி, அடித்தட்டில் பொருத்தி, மேலே திரிக்கிண்ணங்கள் வைப்பார்கள். மரத்தின் அருகே சுடர் ஆபத்தானது என்பதால் இன்று பல வளைவுகளில் சிறு மின்குமிழ்களே எரிகின்றன.

ஏன் இதனை மக்கள் விரும்பி வாங்குகிறார்கள்? நட்சத்திரத்தை எவரும் வெட்டலாம். ஆனால் தாதுமலைக்காரன் தன் பாட்டனின் சுரங்கத்தையும், தன் பாட்டியின் ரேந்தைத் தலையணையையும், தன் ஊர்க் கோவிலையும் வெட்டினான். 1779 இல் கட்டி முடிக்கப்பட்ட சைபன் கிராமத்தின் எண்கோணக் கோவிலும் அதன் முன் நின்று பாடும் சிறுவர்களும் இன்றும் அங்கு விற்கும் பல பொருள்களில் உண்டு. பிறர் வாழ்வைப் பார்த்து வெட்டியிருந்தால், இது ஆயிரத்தில் ஒரு பொம்மையாகவே போயிருக்கும்.

விலை யாருடைய கையில்?

இதுவரை சொன்னது கதையின் இனிய பக்கம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

சைபன் மலைக்குள் இருந்தது. வாங்குபவர்கள் லைப்சிக், நூரன்பேர்க் போன்ற தூர நகரங்களில் இருந்தார்கள். இடையில் நின்றவர் வியாபாரி. அவர் பொருள்களை டசின் கணக்கில் வாங்கினார். விலையை அவரே சொன்னார். ஒரு குடும்பம் மறுத்தால் அடுத்த வீடு அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆயத்தமாக இருந்தது. விலை விழ விழ, அதே வருமானத்துக்கு அதிகமாகச் செய்ய வேண்டியதாயிற்று. அதிகமாகச் செய்யச் செய்ய விலை மேலும் விழுந்தது. தகப்பன் கடைய, தாய் ஒட்ட, பிள்ளைகள் இரவில் விளக்கொளியில் வர்ணம் பூசினார்கள். உலகத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்த வீடுகளில் பிள்ளைகளுக்கு விளையாட நேரம் இருக்கவில்லை.

அவர்களிடம் திறமை குறைவாக இருந்ததா? இல்லை. உழைப்புக் குறைவா? அதுவும் இல்லை. தனித்தனியாக விற்றதே குறை. 1919 இல் சைபன் கைப்பணியாளர் சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மரமும் வர்ணமும் சேர்ந்து வாங்குவதும், செய்த பொருளைச் சேர்ந்து விற்பதும் அதன் நோக்கம். டிறெகேனோ என்ற பெயருடைய அச்சங்கம் போரையும், கிழக்கு ஜேர்மனியின் அரசுடைமைக் காலத்தையும், 1990 இல் நாடு ஒன்றிணைந்தபோது வந்த சந்தைக் குழப்பத்தையும் தாண்டி இன்றும் இயங்குகிறது. பின்னர் மலிவான போலிகள் சந்தைக்கு வந்தபோது, அம்மலைநாட்டுக் கைப்பணியாளர்கள் தங்கள் பொருளுக்கென ஒரு பொது முத்திரையைப் பதித்து, வாங்குபவர் வேறுபாடு காண வழிசெய்தனர். இதையும் தனியொருவரால் செய்திருக்க முடியாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இடம்பெயர்ந்தோருக்குக் கைப்பணி கற்பிக்க வருவோர் பலர். பயிற்சி முடிந்து சான்றிதழும் கருவியும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சில மாதங்களில் கருவி துருப்பிடிக்கும். குற்றம் கற்றவரின் சோம்பலில் என்று சொல்லப்படுவதும் உண்டு. அது எப்போதும் உண்மையன்று. முதலும் பயிற்சியும் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை தந்து, சந்தை, விலை ஆகிய இரண்டையும் கேளாமல் விட்டதன் விளைவே பெரும்பாலும் அது.

எனவே இலைவாள் ஆகட்டும், வேறு கைப்பணி ஆகட்டும், யாரேனும் கற்பிக்க வரும்போது இவற்றைத் துணிந்து கேளுங்கள்:

இப்பொருளை எந்த மாதத்தில், எந்த ஊரில், யார் வாங்குகிறார்கள்? அம்மாதத்துக்கு முன் எத்தனை மாதம் எமது கைமுதல் முடங்கிக் கிடக்கும்?

ஒரு பொருளுக்குப் பலகை, அலகு, அரத்தாள், போக்குவரத்துச் செலவு போக, எமது மணித்தியாலத்துக்கு என்ன கிடைக்கும்?

நாம் ஒவ்வொருவராக விற்கப்போகிறோமா, சேர்ந்து விற்கப்போகிறோமா? விலைக்குறைப்புப் போட்டியில் அயலவரும் நாமும் ஒருவரையொருவர் விழுத்தாமலிருக்க என்ன ஏற்பாடு?

எமது பிள்ளைகளின் படிப்பு நேரத்தை இது தின்னுமா?

நாம் வெட்டப்போகும் உருவம் எமது வாழ்விலிருந்து வந்ததா, பிறரின் படப்புத்தகத்திலிருந்து வந்ததா?

தாதுமலை மக்கள் தங்கள் சுரங்கத்தை மறந்துவிட்டு மரத்துக்குப் போகவில்லை. சுரங்கத்தை மரத்தில் வெட்டி யன்னலில் வைத்தார்கள். அது அவர்களுக்குச் சோறும் தந்தது, அடையாளத்தையும் காத்தது. ஆயினும் கைப்பணி நிலத்துக்கு ஈடாகாது. நிலத்தை இழந்த விவசாயியிடம், "இந்த வாளைப் பிடி, அது போதும்" என்று சொல்வது நீதியன்று. நிலம் கேட்கும் உரிமை வாள் பிடித்த கையிலும் இருக்கவே செய்யும். அந்த நிலத்துக்குத் திரும்பும்வரையும், திரும்பிய பின்னர் அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட மாதங்களிலும், வீட்டுக்கு ஒரு சிறு வருமானம் தரும் தொழிலாக இது இருக்கலாம்.

அத்தொழிலைத் தொடங்க ஒரு வாளும் ஒரு பலகையும் போதும். அது நிலைத்து நிற்க அயல்வீட்டாரும் வேண்டும்.